வௌவால்கள் இரை தேடிய ஆறு

வௌவாலைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் அது தொங்குகிற மரத்தைத்தான் சொல்வார்கள். இன்ன ஊர் ஆலமரம், இன்ன துறை மருதமரம், இன்ன கோயில் கோபுரம் என்று அடையாளம் சொல்லத் தெரியும். இரவெல்லாம் அது எங்கே போகிறது, என்ன தின்கிறது, எந்த வழியாகத் திரும்புகிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது. அந்தக் கேள்விக்குப் பதில் தாமிரபரணிதான். பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கிப் புன்னைக்காயலில் கடலைத் தொடும்வரை, ஆறும் கால்வாய்களும் குளங்களும் வயலும் கரையோரத் தோப்புகளும் சேர்ந்ததுதான் அவற்றின் மேய்ச்சல் நிலம். நான் சிறுவனாக இருந்தபோது அந்த நிலம் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்பதை, இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

சேரன்மகாதேவிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவில், கன்னடியன் கால்வாய் பாய்கிற பக்கம் எங்கள் ஊர். வடக்கே ஆறு, தெற்கே கால்வாய், நடுவே வயல். மேற்கே நிமிர்ந்தால் பொதிகை. ஆற்றங்கரையில் வரிசையாக மருதமரங்கள். வெளிறிய பட்டையும், நாலைந்து பேர் கைகோத்தால்தான் அடங்குகிற அடிமரமுமாக நிற்கும். அவற்றில்தான் பழந்தின்னி வௌவால்கள் தொங்கின. இறக்கையை விரித்தால் நாலடிக்குக் குறையாது. நன்றாக வளர்ந்தது ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். பகல் முழுக்க இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு, கோடையில் இறக்கையால் விசிறிச் சூட்டை ஆற்றிக்கொண்டு கிடக்கும். வெயில் தாழ்ந்ததும் ஒன்றிரண்டு கிளம்பி, ஆற்றின் மேல் தாழப் பறந்து, நெஞ்சும் வயிறும் தண்ணீரில் உரசும்படி ஒரு கோடு இழுத்துவிட்டு மேலே ஏறும். கிளைக்குத் திரும்பி, நனைந்த மயிரை நக்கும். அவை தண்ணீர் குடிக்கிற விதம் அது. படித்துறையில் நிற்கும் பையன்கள் கல்லெடுத்தால் ஆச்சி விடமாட்டாள். “ஏலே, கல்லக் கீழ போடு. அதுவளும் நம்ம ஆத்துத் தண்ணியக் குடிச்சு வளருததுதாம்லே” என்பாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூட்டம் மொத்தமாகக் கிளம்பும். ஒரு பிரிவு மலையடிவாரத்தைப் பார்த்துப் போகும். ஒரு பிரிவு ஆற்றோடு கிழக்கே போகும். மிச்சம் எங்கள் ஊர்த் தோப்புகளிலேயே இறங்கும். தை மாசியில் இலவம் பூத்திருக்கும். பங்குனியில் இலுப்பை. சித்திரை, வைகாசியில் மா. ஆனி, ஆடியில் வேம்பும் நாவலும். ஆலும் அரசும் அத்தியும் எல்லாம் ஒரே நேரத்தில் பழுக்காமல் மரத்துக்கு மரம் மாறி மாறிப் பழுக்கும். ஆகவே வருஷத்தில் எந்த மாதத்திலும் கரையோரம் ஏதாவது ஒன்று தின்னக் கிடைக்கும். ஒரே இரவில் பல கிலோமீட்டர் போய்வருகிற பிராணிக்கு ஒரு மரம் போதாது, ஒரு தோப்பும் போதாது. மாதத்துக்கு மாதம் கைமாறிக்கொண்டே போகிற இந்த வரிசை முழுவதும் வேண்டும். இது நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. நற்றிணையின் 87ஆம் பாடலில், ஊர் மாமரத்தில் தூங்குகிற வௌவால் எங்கோ இருக்கும் பெருங்காட்டு நெல்லிக்கனியைக் கனவில் சுவைக்கிறது. தூங்கும் இடம் ஒன்று, தின்னும் இடம் வேறொன்று என்பதை சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய அந்தப் பாடல் பார்த்துவைத்திருக்கிறது.

எங்கள் ஊர் இலுப்பைத் தோப்பைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். சாஸ்தா கோயிலுக்குப் பின்னால், வாய்க்கால் கரையை ஒட்டி இருந்தது. இலுப்பைப்பூ இரவில்தான் முழுசாக மலரும். சதைப்பற்றான, வெளுத்த மஞ்சள் பூ. சர்க்கரைப்பாகு வாசம் தெருவரைக்கும் வரும். பெரிய வௌவால்கள் கிளைநுனியில் வந்து விழுந்து, இறக்கைப் பெருவிரலால் கொத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு பூவைச் சப்பும். அடுத்த பூவுக்குப் போகும்போது முகத்து மயிரில் ஒட்டிய மகரந்தமும் கூடப் போகும். விடியற்காலையில் தரை முழுக்கப் பூ உதிர்ந்து கிடக்கும். பிள்ளைகள் பொறுக்கித் தின்போம். ஆடி வாக்கில் பழம். வௌவால் பல நேரம் பழத்தைக் கடித்த மரத்திலேயே தின்னாது. வாயில் கவ்விக்கொண்டு தள்ளி நிற்கும் வேறொரு மரத்துக்குப் போய், சதையைத் தின்று கொட்டையைக் கீழே போடும். அந்த மரத்தடியில்தான் பெண்கள் நார்ப்பெட்டியோடு கூடுவார்கள். சதை நீங்கிய கொட்டை உரிக்கிற வேலை இல்லாமல் கிடைக்கும். அது செக்குக்குப் போய், எண்ணெயாகிக் கோயில் விளக்குக்கு வரும். யார் கையிலும் அகப்படாமல் உருண்டு போன கொட்டை வாய்க்கால் கரையில் முளைக்கும். தோப்பை மனிதர் வைத்திருக்கலாம்; கரை நெடுக அதை நீட்டிக்கொண்டு போனது வௌவால்தான்.

இப்போது அங்கே வீட்டுமனைகள். நெல்லையிலிருந்து தென்காசி போகிற சாலை நான்குவழியானபோது சாலையோரப் பெருமரங்களும் போயின. செக்கு நின்று பல காலமாயிற்று. கடையில் புட்டியில் விற்கிற தீப எண்ணெயை வாங்கி விளக்கேற்றுகிறோம். வாய்க்கால் கரையைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. அதன் நெற்றை ஆடு தின்னும், வௌவாலுக்கு அதில் ஒன்றுமில்லை. மருதமரங்களில் சில இன்னும் நிற்கின்றன, அவற்றில் வௌவால்களும் தொங்குகின்றன. அதைப் பார்க்கிறவர்கள், “அதெல்லாம் அப்படியேதான் இருக்கு, அண்ணாச்சி” என்கிறார்கள். மரம் இருக்கிறது, உண்மைதான். மரத்திலிருந்து கிளம்பினால் போய்ச் சேர வேண்டிய தோப்பு இல்லை. பக்கத்துத் தோப்பில் கிடைத்த பழத்துக்கு இப்போது எத்தனை தூரம் பறக்க வேண்டியிருக்கிறதோ, அத்தனையும் அதன் உடம்பிலிருந்து கழிகிறது. வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி போட்டு, பிறந்த சில வாரம் அதை மாரில் சுமந்துகொண்டே இரை தேடுகிற தாய்க்கு அந்தத் தூரம் சின்ன விஷயமில்லை.

பெரிய வௌவால் பழத்துக்கு ஆற்றங்கரையைத் தேடிப் போகும். சின்ன வௌவால் ஆற்றையே தேடி வரும். எங்கள் ஊரில் துரிஞ்சில் என்று சொல்கிற சின்ன வகைகள் பல உண்டு. சிலது நாலு கிராம் எடைகூட இருக்காது. அந்தி மயங்கும்போது தண்ணீருக்கு மேல் முழ உயரத்தில் திரும்பித் திரும்பிப் பறக்கும். தண்ணீருக்கடியில் புழுவாக வளர்ந்த பூச்சிகள் இறக்கை முளைத்து மேலே ஏறுகிற நேரம் அதுதான் என்பதும், அவை அந்த நேரம் பார்த்து வருகின்றன என்பதும் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. விநாடிக்கு 20,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஓசை நம் காதுக்கு எட்டாது. நம் பக்கத்துக் கோயில்களிலும் பாறை இடுக்குகளிலும் இருக்கும் இலைமூக்கு வௌவால் 1,30,000 அதிர்வை ஒட்டிக் குரல் கொடுக்கிறது. அந்த ஓசை பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டு இரையைக் கண்டுபிடிக்கிறது. அலையில்லாத தண்ணீர், சாய்வாக வந்து விழுகிற ஓசையைக் கண்ணாடி ஒளியைத் திருப்புவதுபோல அப்பால் தட்டிவிடும். திரும்பி வருவது தண்ணீர்மேல் இருக்கிற பூச்சியிலிருந்து வரும் எதிரொலி மட்டும்தான். சலசலத்து ஓடும் இடத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஆறு அகன்று, அசையாமல் நிற்கும். பாசனத்துக்காகக் கட்டியது வௌவாலுக்கும் தோதாக அமைந்தது.

இதையெல்லாம் நம் மண்ணிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் வௌவால் ஆய்வுக்கு ஒரு மரபையே உண்டாக்கினார்கள். ஜெர்மனியிலிருந்து கெர்ஹார்ட் நாய்வைலரும் அவர் மாணவர்களும் வந்து சேர்ந்தார்கள். ஒரே ஊரில் வாழும் பல இன வௌவால்கள் வானத்தை எப்படிப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். எலிவால் வௌவால் திறந்த வெளியில் உயரப் பறந்து பிடிக்கும். இலைமூக்கு வௌவால் செடிகொடிகளை ஒட்டிப் போகும். பெரிய காதுள்ள, தவளை பிடித்துத் தின்னும் ஒரு வௌவால் உண்டு. தரையில் அது தன் குரலைவிட இரை அசையும் சத்தத்தைத்தான் நம்பும். தவளை அசையாமல் இருந்தால் தப்பிக்கும். அதே வௌவால் தண்ணீர்ப்பரப்புக்கு வந்தால் தன் குரலைப் பயன்படுத்தி, மேலே தலைகாட்டும் இரையைக் கவ்விக்கொண்டு போகிறது என்பதை மாரிமுத்துவும் கூட்டாளிகளும் 1995இல் வெளியிட்டார்கள். ஒரே பிராணி, வயல்வரப்பில் ஒரு விதமாகவும் ஆற்றில் வேறு விதமாகவும் வேட்டையாடுகிறது. ஆறு அதற்குக் குடிதண்ணீர் மட்டுமல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இன்றைக்கு அந்த நிதானமான தண்ணீரில் பல இடங்களில் அமலைச்செடி என்கிற ஆகாயத்தாமரை பாய்விரித்துக் கிடக்கிறது. ஊர்க் கழிவுநீர் கலக்கிற இடத்தில் அது கொழுத்து வளர்கிறது. ஓசைக்குத் தட்டையான பரப்பு போய்விட்டது. அடுத்தது வெளிச்சம். முன்பு திருநெல்வேலிக் குறுக்குத்துறையில்கூட இருட்டினால் முருகன் கோயில் விளக்கைத் தவிர ஆற்றுக்குள் ஒன்றும் தெரியாது. இப்போது பாலத்துக்குப் பாலம், துறைக்குத் துறை ஹைமாஸ் விளக்கு. வெள்ளை எல்இடி வெளிச்சத்துக்குச் சுற்றுவட்டாரப் பூச்சியெல்லாம் வந்து மொய்க்கும். உயரத்தில் வேகமாகப் பறக்கும் சில இன வௌவால்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். மெதுவாக, மரத்தை ஒட்டிப் பறக்கிற இனங்கள் வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கிவிடும். ஆந்தைக்கும் வல்லூறுக்கும் பயந்து பழகிய சுபாவம் அது. பிரிட்டனில் வேலி வரிசைகளில் விளக்கு வைத்துப் பார்த்தபோது, அந்த வழியே தினமும் போய்வந்த சிறிய வௌவால்களின் நடமாட்டம் வெகுவாகக் குறைந்ததை 2009இல் பதிவுசெய்தார்கள். நம் ஆற்றிலும் ஒரு பாலத்து வெளிச்சம், மேல்பக்க ஆற்றையும் கீழ்பக்க ஆற்றையும் அவற்றுக்கு இரண்டாக அறுத்துவிடக்கூடும். நெதர்லாந்தில் நியூகூப் என்ற ஊரில் 2018இல் ஒரு குடியிருப்பு முழுவதும் வௌவாலுக்கு உறுத்தாத சிவப்பு விளக்கு போட்டார்கள். மனிதரும் நடக்கலாம், வௌவாலும் பறக்கலாம். செய்ய முடிகிற காரியம்தான்.

வயலுக்கு வருகிறேன். எங்களுக்குக் கார், பிசானம் என்று இரண்டு போகம். பிசானத்தில் பயிர் பால்பிடிக்கும் சமயம் அப்பா ராத்திரி தண்ணீர் பார்க்கப் போகும்போது நானும் போவேன். லாந்தர் வெளிச்சம் எட்டுகிற வட்டத்துக்குள் அந்துப்பூச்சி பறந்தால், எங்கிருந்தென்று தெரியாமல் ஒரு நிழல் வந்து அதை எடுத்துக்கொண்டு போய்விடும். குருத்துப்பூச்சியின் தாய் அந்து, இலைசுருட்டுப்புழுவின் தாய் அந்து, கூட்டமாக இடம்பெயரும் புகையான் எல்லாம் இருட்டிய பிறகு பறப்பவை. வௌவாலும் அப்போதுதான் வரும். அந்தக் காலத்திலும் பூச்சி இருந்தது, நஷ்டமும் இருந்தது. வௌவாலால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இரவுக்காவலுக்குக் கூலி கேட்காத ஆள் இருந்தது என்று சொல்லலாம். இப்போது அதே வயலைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர், “மருந்தடிக்காம ஒரு போகம் எடுக்க முடியாது, அண்ணாச்சி. அடிச்சாலும் மறுபடி வருது” என்கிறார். மருந்து பூச்சியைக் கொல்கிறது. பூச்சியை நம்பி வந்த வௌவால் பசியோடு திரும்புகிறது. அடுத்த முறை பூச்சி பெருகும்போது தின்ன ஆளில்லை.

ஸ்பெயினில் எப்ரோ ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பெரிய நெல்வயல் பரப்பு உண்டு. அங்கேயும் தண்டு துளைக்கும் பூச்சியால்தான் தொல்லை. வயல் நடுவே கம்பம் நட்டு, சின்ன வௌவால்கள் தங்க மரப்பெட்டிகள் பொருத்தினார்கள். வௌவால் பெருகப் பெருக அந்தப் பூச்சித் தொல்லை குறைந்து, மருந்தடிக்கும் அளவுக்குக் கீழே போனதை 2015இல் எழுதினார்கள். தாய்லாந்திலும் நெல் தத்துப்பூச்சியைத் தின்னும் வௌவால்கள் எத்தனை பேருடைய சாப்பாட்டைக் காப்பாற்றுகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம்மிடம் பெட்டி செய்து மாட்டக்கூட அவசியமில்லை. ஆற்றங்கரை நெடுக, கல்லாலேயே கட்டிய பெட்டிகளை முன்னோர் விட்டுப்போயிருக்கிறார்கள்.

கோயில்களைச் சொல்கிறேன். பாபநாசம் தொடங்கித் திருநெல்வேலி, கிருஷ்ணாபுரம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று ஆற்றை ஒட்டிய ஊரெல்லாம் கோயில். நான் பார்த்த காலத்தில் எந்தக் கோயிலிலும் உட்பிரகாரத்தில் ஒரு மூலை இருட்டாகவே இருக்கும். கல்லிடுக்கில் கீச்சென்று சத்தம், மூக்கைப் பிடிக்கிற நெடி, தரையில் புழுக்கை. அதைக் கூட்டி அள்ளி வயலுக்கு உரமாகக் கொண்டுபோவார்கள். ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் டி. கணேஷ், ஏ. சரவணன், எம். மதிவாணன் ஆகியோர் தாமிரபரணிப் படுகையில் 59 கோயில்களைப் பார்த்து 2022இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான விவசாய நிலம் சூழ்ந்த இந்தப் பகுதியில் வௌவாலுக்குக் கோயில்தான் குகை. உள்ளே இருட்டான, தொந்தரவில்லாத இடமும், வெளியே எப்படிப்பட்ட நிலம் இருக்கிறது என்பதும் அதன் வாழ்வைத் தீர்மானிக்கின்றன என்பதே அவர்கள் சொன்னதன் சாரம்.

இப்போது திருப்பணி என்றாலே இருட்டை விரட்டுவது என்று ஆகிவிட்டது. இடுக்கைச் சிமெண்ட் வைத்து அடைக்கிறார்கள், பிரகாரம் முழுக்கக் குழல்விளக்கு, மேலே வலை. சாமி கும்பிட வருகிறவர்களுக்கு நெடியும் எச்சமும் சங்கடம்தான், அதை மறுக்கவில்லை. கருவறையும் நடைபாதையும் சுத்தமாக இருக்கட்டும். யாரும் போகாத ஒரு மண்டபத்தை, கோபுரத்தின் ஒரு நிலையை விளக்கில்லாமல் விட்டுவைத்தால் யாருக்கும் குறைவில்லை. குட்டி பால்குடிக்கிற மாதங்களில் அடைப்பு வேலையைத் தள்ளிவைத்தால் ஒரு தலைமுறை பிழைக்கும்.

பாளையங்கோட்டைக்கு இன்னொரு கதை. குட்டை மூக்குப் பழந்தின்னி என்ற நடுத்தர வௌவால் அங்கே வீட்டுத் தோட்டங்களில் வாழ்ந்தது. இதன் ஆண், நெட்டிலிங்க மரத்திலும் திரைபோல் தொங்கும் கொடியிலும் உள்ளே புகுந்து, தண்டுகளையும் இலைகளையும் வாரக்கணக்கில் கடித்துக் கடித்து ஒரு கூடாரம் அமைக்கிறது. பெண்கள் வந்து சேர்வது அந்தக் கூடாரத்துக்குத்தான். தூய யோவான் கல்லூரியின் ஜே. பாலசிங், கோயில்ராஜுடனும் அமெரிக்காவின் தாமஸ் குன்ஸுடனும் சேர்ந்து, பாளையங்கோட்டையில் பார்த்த இந்தக் கூடாரங்களைப் பற்றி 1995இல் எழுதியது உலகத்தில் வௌவால் படிப்பவர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டுகிற கட்டுரை. அந்தக் கூடாரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கொய்யாவும் மாவும் வாதாமும் இருந்தன, ஆறும் இருந்தது. கல்லூரி வளாகங்களும் பழைய பங்களாக்களும் மரத்தோடு இருந்தவரை அந்த வாழ்க்கை நடந்தது. இன்று மனை பிரிந்து அடுக்குமாடி எழும் இடத்தில் நெட்டிலிங்கத்தை அழகுக்கு வைக்கிறார்கள். கூடாரம் போட மரம் உண்டு, கடித்துத் தின்னப் பழம் இல்லை.

இதற்கு நடுவே பயம் வேறு வந்துவிட்டது. 2018இல் கேரளத்தில் நிபா வைரஸ் 17 பேரைக் கொண்டுபோனபோது, மலைக்கு இந்தப் பக்கமும் வௌவால் மரத்தை வெட்டு என்று குரல் கேட்டது. பயம் நியாயமானது, கடிபட்ட பழத்தைத் தின்னாதே, வௌவாலைக் கையால் தொடாதே என்பதை எந்தக் குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டும். ஆனால் விரட்டுவது நோயைக் கூட்டக்கூடும். ஆஸ்திரேலியாவில் ஹெண்ட்ரா என்ற வைரஸ் பறக்கும் நரி என்கிற பழந்தின்னி வௌவால்களிடமிருந்து குதிரைக்குத் தாவுவதை இருபத்தைந்து வருஷத் தகவலை வைத்து ஆராய்ந்து 2022இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். காட்டில் பூ இல்லாத காலத்தில் வௌவால்கள் சிறு கூட்டங்களாகச் சிதறி, ஊரையும் குதிரை லாயத்தையும் ஒட்டி இரை தேடின, நோய் தாவியது. காடு நிறையப் பூத்த குளிர்காலங்களில் அவை அங்கே திரும்பிப் போயின, நோய் தாவவில்லை. வௌவாலுக்கு அதன் இடத்தில் சாப்பாடு இருப்பது நமக்குக் காவல் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

சட்டமும் மெல்லத்தான் வழிக்கு வந்தது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலியோடு சேர்த்துத் தொல்லைப் பிராணி என்று ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தது. யாரும் கொல்லலாம் என்றிருந்தது. 2022இல் வந்த திருத்தம்தான் அந்த அட்டவணையையே எடுத்தது. அதே 1972இல்தான், 1948ஆம் வருஷம் தேனி மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் பிடித்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிய ஒரு வௌவால், உலகில் வேறெங்கும் அறியப்படாத புது இனம் என்று தாய்லாந்தின் கிட்டி தோங்லோங்யா கண்டு, பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். அந்த வௌவால் நம் களக்காடு முண்டந்துறைக் காட்டிலும் இருக்கிறது. பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியின் ஜூலியட் வனிதாராணி அதைத் தேடி அந்த மலையில் வேலை செய்தார். ஆறு பிறக்கும் மலையில் அபூர்வ இனம். ஆறு பாயும் சமவெளியில் நாம் தினமும் பார்க்கிற இனம். இரண்டுக்கும் நடுவே மரம் தொடர்ந்து நின்றால்தான் இது ஒரே ஆறு.

அப்படி நிற்கவைக்க முடியும் என்பதற்கு வால்பாறையைப் பார்க்கலாம். அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடையோரமாக விட்டுவைத்த மரவரிசைகள் வௌவாலுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைக் கிளேர் வேர்ட்லியும் மகேஷ் சங்கரனும் திவ்யா முத்தப்பாவும் பிற ஆய்வாளர்களும் காட்டியிருக்கிறார்கள். வெறும் தேயிலையில் அரிதான இனங்கள் கூட, ஓடையோர மரவரிசையில் இரை தேடின. நம் பக்கத்திலேயே திருப்புடைமருதூர் இருக்கிறது. கடனாநதி வந்து கலக்கிற இடம். ஊர்க்காரர்கள் தலைமுறையாகப் பறவைகளைக் காத்துவந்த அந்தக் கரையை அரசு 2005இல் காப்பகமாக அறிவித்தது. மருதமும் இலுப்பையும் அங்கே இன்னும் நிற்கின்றன, ஊர் நினைத்ததால் நிற்கின்றன.

ஆகவே கேட்பது பெரிதில்லை. அமலைச்செடியை வாரும்போதே அதற்குத் தீனி போடும் கழிவுநீரையும் நிறுத்த வேண்டும். துறை விளக்குகளைத் தரை பார்க்கத் தாழ்த்தி, ஆள் நடமாட்டம் ஓய்ந்ததும் அணைக்க வேண்டும். கோயிலில் ஒரு மண்டபத்துக்கு இருட்டை விட வேண்டும். கரையில் சீமைக்கருவேலத்தை எடுத்த இடத்தில் கொன்றையும் குல்மொகரும் நட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு நிற்காமல், மருதம், இலுப்பை, அத்தி, ஆல், நாவல், புன்னை என்று மாதத்துக்கொன்று பூக்கவும் பழுக்கவும் செய்கிற வரிசையை நட வேண்டும். ஓர் ஊர் தன் எல்லைக்குள் ஒரு பர்லாங் செய்தால், அடுத்த ஊர் அடுத்த பர்லாங்கைச் செய்தால், ஆறு தொடர்ந்துவிடும். இலுப்பை காய்க்கப் பத்து வருஷத்துக்குக் குறையாது. ஐப்பசி மழைக்கு முன் கன்றை ஊன்றினால் வேர் பிடித்துக்கொள்ளும். இந்த வருஷமே ஊன்ற வேண்டும்.